வண்டியிலேயே வெல்டிங்: நெகட்டிவ் வயர் மட்டும் கழற்றினால் போதுமா?

புதுவயல் பட்டறை:
சைடு ஸ்டாண்டு கொக்கி உடைந்துபோன ஒரு தம்பிக்கு கோட்டையூரான் சொன்ன யோசனையைப் பார்த்ததும் எரிச்சலாகிவிட்டது. "பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வெல்டிங் வை, வேறெதையும் தொடாதே" என்று எழுதியிருக்கிறார். தம்பியுடையது பிஎஸ்6 வண்டி, இன்ஜெக்‌ஷன், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாம் உண்டு. நெகட்டிவைக் கழற்றினாலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவின் எர்த் வயர் இன்ஜினிலோ சேஸிலோ போல்ட்டு போட்டபடிதான் இருக்கிறது. சாதாரண 2.5 எம்எம் ராடுக்கே 70, 80 ஆம்பியர் ஓடும், அது ஓடுவது அதே சேஸில்தான். முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ், அப்புறம் இசியூவில் வயர்களைச் செருகியிருக்கும் கப்ளர், ஏபிஎஸ் கப்ளர். இத்தனையும் கழற்றாமல் ராடைக் கையில் எடுக்கக்கூடாது.

கோட்டையூரான்:
அண்ணே, கரண்ட் போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்திலிருந்து நாலு விரல்கடை தள்ளி, பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு மாட்டினால், அந்த நாலு விரல்கடைக்குள்ளேயே போய் வந்துவிடும். சீட்டுக்கு அடியில் கிடக்கும் இசியூவுக்கு அங்கே என்ன வேலை? நெகட்டிவ் போதும்.

ஆர்எக்ஸ் காரைக்குடி:
இதற்குத்தான் பழைய வண்டி வைத்துக்கொள்ளச் சொல்வது. என் ஆர்எக்ஸ் 100இல் இசியூவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்படியே நிறுத்தி வெல்டிங் வைக்கலாம்.

புதுவயல் பட்டறை:
ஆர்எக்ஸ் தம்பி, அதில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ இருக்கிறது, அதுவும் எலக்ட்ரானிக்ஸ்தான். பிளாட்டினம் பாயிண்ட் வைத்த பழைய புல்லட் என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தெரியாமல் பேசாதீர்கள்.

கோட்டையூராரே, கிளாம்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை நான் எப்போது மறுத்தேன்? ஆனால் பட்டறையில் நடப்பது என்ன? பையன் கிளாம்ப்பைத் துருப்பிடித்த ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டுவான், பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. அங்கே வழி கிடைக்காத கரண்ட் வேறு எர்த் வயர் வழியாகப் போகப் பார்க்கும். பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாடி சேஸில் உட்கார்ந்திருக்கிறது, ஏபிஎஸ் யூனிட்டும் சேஸில்தான் இருக்கிறது. உங்கள் நெகட்டிவ் வயர் இதில் எதைத் தடுத்தது?

தேவகோட்டை ரோடு:
கிளாம்ப்பைச் சக்கரத்தில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய், குண்டுகளில் புள்ளி விழுந்து, பிறகு ஓட்டும்போது இரைச்சல் வரும். முன்பக்கம் மாட்டினால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டுக்கும் அதே கதிதான். இதை எந்தப் பட்டறைக்காரரும் சொல்ல மாட்டார். கேரியருக்கு ஒட்டுப் போட்டு, காசு மட்டும் கணக்காக வாங்கிக்கொள்வார்கள். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

புதுவயல் பட்டறை:
என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த கேரியரில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றியது யார்? ஒட்டு விடவில்லை, பைப்தான் வளைந்தது. அதைப் பிறகு பேசுவோம். இங்கே கேள்வி இசியூ கப்ளர். கழற்ற வேண்டும்.

கோட்டையூரான்:
கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நாலு மழைக்காலம் பார்த்த வண்டியில் லாக் வெயிலில் காய்ந்து, கட்டைவிரலை வைத்ததும் மளுக்கென்று உடையும். உள்ளே பின்னில் பச்சை பூத்திருக்கும். திரும்ப மாட்டும்போது ஒரு பின் மடங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வெல்டிங்கில் போகாத இசியூ உங்கள் கையால் போகும். நெகட்டிவ் போதும் என்று அதனால்தான் சொல்கிறேன். அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர்க்காரன் நான், அவர் கொடுத்த நிலத்தில் வந்த சிக்ரி ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மின்சாரத்தை எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆர்எக்ஸ் காரைக்குடி:
சிக்ரி இருப்பது காரைக்குடியில். கோட்டையூரில் இல்லை. 1953இல் திறந்தது.

கோட்டையூரான்:
1948லேயே அடிக்கல் நாட்டியாயிற்று. நேரு வந்து நாட்டினார். நிலம் கொடுத்தவர் எந்த ஊர்? அதைச் சொல்லுங்கள்.

புதுவயல் பட்டறை:
சிக்ரியில் செய்வது மின்வேதியியல் ஆராய்ச்சி. பேட்டரி, துருப்பிடிப்பு பற்றிக் கேட்டால் சொல்வார்கள். சைடு ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைத்துத் தருவதில்லை. ஊர்ப் பெருமையை வைத்து இசியூவைக் காப்பாற்ற முடியாது. பின் மடங்கும் என்று பயந்தால், லாக்கை அழுத்திக்கொண்டு கப்ளர் பாடியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. கழற்றியதும் பாலித்தீன் கவர் சுற்றிவிட்டால் பொறியும் தூசியும் உள்ளே போகாது. பேட்டரி இணைப்பு இருக்கும்போது மட்டும் இசியூ கப்ளரைத் தொடாதீர்கள், அதுவே ஒரு கேடு. டங்ஸ்டன் முனையால் வைக்கும் டிக் வெல்டிங் என்றால் இன்னும் மோசம், தொடங்கும்போது விடுகிற ஹை ஃபிரீக்வன்சி பொறி எந்த வயரில் ஏறும் என்று சொல்ல முடியாது.

சைடு ஸ்டாண்டு தம்பி:
அண்ணே, சண்டை வேண்டாம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போன இடத்தில் கூட்டத்தில் வண்டி சாய்ந்து கொக்கி உடைந்தது. ஷோரூமில் கேட்டால் சேஸையே மாற்றச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

தேவகோட்டை ரோடு:
டேங்கைக் கழற்றினாயா தம்பி? ஒருவரும் பெட்ரோல் டேங்கைப் பற்றிப் பேசவில்லை. பேட்டரியையும் வெளியே எடுத்து வை, அதிலிருந்து வரும் வாயு ஒரு பொறிக்கே வெடிக்கும்.

கோட்டையூரான்:
தம்பி, டேங்கை எடு. நெகட்டிவைக் கழற்று. கிளாம்ப்பைக் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டு. முடிந்தது. கப்ளரைத் தொடாதே.

புதுவயல் பட்டறை:
தொடாதே என்று மறுபடி சொல்கிறார்! தம்பி, இசியூ போனால் கோட்டையூரார் வாங்கித் தருவாரா என்று எழுதி வாங்கிக்கொள். கப்ளரைக் கழற்று.

கோட்டையூரான்:
பின் மடங்கினால் புதுவயலார் வந்து நிமிர்த்துவாரா என்றும் கேட்டுக்கொள். நெகட்டிவ் போதும்.

ஆர்எக்ஸ் காரைக்குடி:
அது இருக்கட்டும், அரிசி மூட்டை ஏற்றிய கேரியர் கதை என்ன?

தேவகோட்டை ரோடு:
இரண்டு மூட்டை இல்லை, ஒன்றுதான். அதுவும் 25 கிலோ சிப்பம்.