புதுப்பிப்பு: லண்டன் சுவரில் மாமாவின் பெயரை மறுபடி எழுதியாச்சு

தேம்ஸ் கரையில் இருக்கும் கோவிட் நினைவுச் சுவரில் 2021-இல் மாமாவுக்காக நாங்கள் எழுதிய பெயர் மங்கிவிட்டது, மறுபடி எழுத விடுவார்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அந்த இடம் தெரியாதவர்களுக்கு: நாடாளுமன்றத்துக்கு நேர் எதிர்க்கரையில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டி, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளச் சுவர். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் 2021 மார்ச் கடைசியில் வரைய ஆரம்பித்தன. ஓர் உயிருக்கு ஒரு சிவப்பு இதயம். இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

முதலில் மார்க்கர் பேனாவால்தான் வரைந்தார்கள். வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளிறி, எழுத்தே போய்விட்டது. தன்னார்வலர்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து, வெளிச்சுவர் பெயின்ட்டால் ஒவ்வொன்றாகத் தீட்டுகிறார்கள். நாங்களும் அன்றுதான் போனோம்.

அங்கிருந்த ஓர் அம்மா எங்கள் இதயத்துக்குச் சிவப்பு பூசி, அது காயும்வரை அத்தையின் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் அத்தை தன் கையாலேயே தமிழில் பெயரை எழுதினாள். 'ழ'வின் கால் கீழே வழிந்துவிட்டது. துடைக்க விடவில்லை.

மாமாவின் காரியத்தை அவள் போனில்தான் பார்த்தாள். அன்றைக்கு அழவே இல்லை. இங்கே, போகிற வருகிறவர்கள் நடுவில், வாய்விட்டு அழுதாள். எங்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

போக நினைப்பவர்கள் மார்க்கர் கொண்டுபோக வேண்டாம். நிற்காது.