40 அடிக் கொள்கலன் லொறி வளவுக்குள் சுற்றித் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

உரும்பிராய் வளவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், இரண்டரைப் பரப்புக்குச் (யாழ்ப்பாணக் காணி அளவை) சற்றுக் குறைவான எங்கள் காணியில் களஞ்சியம் ஒன்று கட்டவிருக்கிறோம். ஒழுங்கைப் பக்கம் 90 அடி, உள்நோக்கி 75 அடி. ஒழுங்கையின் அகலம் 18 அடி. கொழும்புத் துறைமுகத்திலிருந்து எங்கள் இயந்திரங்கள் 40 அடிக் கொள்கலனில் வரும். அந்த லொறி உள்ளே வந்து, சுற்றித் திரும்பி, முன்பக்கமாகவே வெளியேறுவதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மதிலுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் அறிய விரும்புகிறேன். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் இந்த வளவில் இலகுவாகத் திரும்பிவிடுகிறது என்பதால், இதுவும் திரும்பிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அளவுகோல்

உழவு இயந்திரத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ள வேண்டாம். அதன் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரமும் குறைவு, பெட்டியும் குட்டை. கொள்கலன் லொறியோ பிறைம் மூவரும் (இழுத்துச் செல்லும் முன்வண்டி) ட்ரெயிலரும் சேர்ந்து ஏறத்தாழ 16 மீற்றர் நீளம் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, இத்தகைய வாகனம் 12.5 மீற்றர் வெளி ஆரமும் 5.3 மீற்றர் உள் ஆரமும் கொண்ட வளையத்துக்குள் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். வெளிவட்டத்தின் குறுக்களவு 25 மீற்றர், அதாவது 82 அடி. உங்கள் காணியின் உள்நீளம் 75 அடிதான் என்பதால், கட்டடமே இல்லாத வெறுங்காணியிலும் அது முழுவட்டம் அடிக்க முடியாது. இரு பக்கமும் நான்கடி இடைவெளி விட்டு 90 அடிச் சதுரமாகக் கணக்கிட்டாலே ஏறத்தாழ மூன்று பரப்பு திரும்புவதற்கு மட்டும் போய்விடும்.

ஆனால் பலர் கவனிக்காத விடயம் வேறொன்று. அமெரிக்க வீதி வடிவமைப்பு வழிகாட்டியில் 30 அடி நீளமான ஒற்றை லொறிக்குத் திரும்பும் ஆரம் 42 அடி, ட்ரெயிலர் பூட்டியதற்கு 45 அடி. வெளிப்பக்கத்தில் வித்தியாசம் மூன்றடிதான். ட்ரெயிலர் தன் தொல்லையை உள்பக்கத்திலேயே காட்டுகிறது. அதன் பின்சில்லுகள் முன்சில்லுகள் போன தடத்தில் போகாமல் மூலையை வெட்டிக்கொண்டு வரும். மேலே சொன்ன வளையத்தின் அகலம் 7.2 மீற்றர், வாகனத்தின் அகலமோ இரண்டரை மீற்றர்தான். உங்கள் ஒழுங்கை ஐந்தரை மீற்றர். ஆகவே காணியை அளப்பதற்கு முன்னர், பலாலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் அந்த லொறி நுழையுமா என்பதைப் பாருங்கள்.

கண்டி வீதிச் சாரதி

மேலே சொன்னது சரி. செங்கோணத் திருப்பத்தில் முழு 7.2 மீற்றர் தேவைப்படாது என்றாலும், 18 அடி ஒழுங்கையில் தாராளம் என்பதே கிடையாது. இடப்பக்கம் திரும்புவதுதான் எங்களுக்குக் கடினம். நாங்கள் வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுவதால், ட்ரெயிலர் இடப்பக்கம் மடிந்தவுடன் அதன் பின்மூலை கண்ணாடியிலிருந்து மறைந்துவிடும். கிளீனர் இறங்கி நின்று கை காட்டினால்தான் உண்டு. வலத்திருப்பத்தில் வீதியின் முழு அகலமும் கிடைக்கும், யன்னலால் எட்டியும் பார்க்கலாம்.

பின்னோக்கி எடுப்பதற்கும் இதே நியாயம்தான். லொறி வரும் திசையில் படலை வலப்பக்கம் இருந்தால், அதைத் தாண்டிச் சென்று நிறுத்திவிட்டு, ட்ரெயிலரைப் பார்த்தபடியே உள்ளே தள்ளலாம். கோணம் அளவுக்கு மிஞ்சினால் கொள்கலனின் முன்மூலை பிறைம் மூவரின் முதுகில் இடிக்கும் என்பதால், நிமிர்த்தி மறுபடி எடுக்க முன்னால் நேரான இடமும் வேண்டும்.

கட்டட ஒப்பந்தம்

மேலேயும் பாருங்கள். ஏற்றிய கொள்கலனின் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரத்தில் வரும். தொலைபேசிக் கம்பியும் மாங்கொப்பும் கோயில் வளைவும் அதற்குள் வந்துவிடும். திருவிழாக் காலத்துத் தோரணங்களைச் சொல்லவே வேண்டாம்.

தரையில் இன்டர்லொக் கல் பதிக்காதீர்கள். இறுக்கமாகத் திரும்பும்போது ட்ரெயிலரின் சில்லுகள் உருளாமல் பக்கவாட்டில் அரைபடுவதால் கற்கள் திருகிக் கிளம்பும். உரும்பிராய்ச் செம்மண்ணோ மாரியில் தாங்காது. மலக்குழி மூடியின் மேல் பாதை போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரும்பிராய் வளவு

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. யாழ்ப்பாண நகரிலிருந்து வரும்போது ஒழுங்கை இடப்பக்கம்தான் பிரிகிறது. முனையில் அயலவருடைய மதில் இருக்கிறது. அதை இடிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. ஒழுங்கைக்குள் வந்த பின்னர் எங்கள் படலை வலப்பக்கம் வரும்.

அளவுகோல்

படலை வலப்பக்கம் வருவது நல்லது. முனைமதிலோ காரியத்தைக் கெடுத்துவிட்டது. 40 அடியை உள்ளே எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிரதான வீதியோரமாக, லொறி நிற்கக்கூடிய தனியார் வளவொன்றைப் பேசி, அங்கே கொள்கலனைத் திறந்து, 30 அடிக்கு உட்பட்ட லொறிகளில் மாற்றி ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்தது. பாரமான இயந்திரமானால் பாரந்தூக்கியும் அங்கேயே வரலாம். பொருள் இன்னும் கப்பலேறவில்லை என்றால், இரண்டு 20 அடிக் கொள்கலன்களாகப் பிரித்து அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். அவை குட்டை ட்ரெயிலரில் வந்தால் மூலையை இவ்வளவு வெட்டாது.

சிறிய லொறிக்கும் 75 அடியில் முழுவட்டம் நிச்சயமில்லை என்பதால், அதையும் பின்பக்கமாகவே உள்ளே எடுக்கத் திட்டமிடுங்கள்; அப்போது நீங்கள் விரும்பியபடி முன்பக்கமாக வெளியேறும். படலையை 20 அடிக்குக் குறையாமல் வைத்து, மதிலை அந்த இடத்தில் பத்தடி உள்வாங்கி, இரு மூலைகளையும் சரித்துக் கட்டுங்கள். மேசனை அழைப்பதற்கு முன்னர், மதில் வரும் கோட்டில் கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஊரில் மணல் ஏற்றும் லொறியொன்றை வாடகைக்கு எடுத்துப் பின்னோக்கி விட்டுப் பாருங்கள். கயிறு அறுந்த இடத்தில் மதிலைத் தள்ளிக் கட்டலாம்.