அப்பா 1987-ல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பிடிஎஸ்டி-யா (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்று எப்படி உறுதி செய்வார்கள்?

கொடிமுல்லை:
அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அப்புறம் பல வருடம் வங்கியில் இரவுக் காவல் வேலை. அதை விட்டதிலிருந்துதான் பிரச்சினை. தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய புதுமண்ணில் கால் வைக்க மாட்டார். அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறார். ராத்திரி எழுந்து எழுந்து கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறார். தூக்கத்தில் கத்துகிறார். ஒரு டாக்டர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனவங்களுக்கு வர்ற மனச்சோர்வுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார். ராணுவத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. இத்தனை வருடம் கழித்து பிடிஎஸ்டி வருமா?

மருதன் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்):
நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் தாமதமாக வெளிப்படுவது உண்டு. விழித்திருப்பதே வேலையாக இருந்த வரைக்கும் அவருடைய விழிப்பு யாருக்கும் நோயாகத் தெரிந்திருக்காது.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான சம்பவம் ஒன்று இருக்க வேண்டும். அது கனவாகவோ நினைவாகவோ திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டுவதை எல்லாம் தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் கெடுவது, எப்போதும் உஷாராக இருப்பது என்று நான்கு வகை அறிகுறிகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். பிசிஎல்-5 என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33-க்கு மேல் போனால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். உறுதி செய்ய கேப்ஸ்-5 என்ற நேர்காணல் வேண்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

"தூக்கம் எப்படி?" என்றால் ராணுவக்காரர் "நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்வார். "ராத்திரி எத்தனை தடவை தாழ்ப்பாளைப் பார்க்கிறீங்க?" என்று கேட்டால்தான் பதில் வரும். யாழ்ப்பாணத்தில் இருந்த தமிழ்ச் சிப்பாய்களிடம் பயத்தை மட்டும் கேட்டால் போதாது. அங்கே மக்கள் அழுததும் திட்டியதும் அவர்களுக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. செய்தது, செய்ய முடியாமல் போனது, இரண்டின் குற்ற உணர்வையும் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் மனச்சோர்வு என்று முடிப்பது எனக்கு ஆத்திரம் தருகிறது.

தலையில் அடி, குடி, மறதி நோய் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தூக்கத்தில் கை கால் வீசுகிறாரா?

சுபேதார் (ஓய்வு):
மகளே, நானும் 1988-ல் வவுனியாவில் இருந்தவன். புதுமண் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணிவெடிக்குப் பயந்து தார் ரோட்டை விட்டு வயலில் இறங்கி நடந்தவர்கள் நாங்கள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்காதே. பெண்டாட்டி பிள்ளை முன்னால் வாய் வராது. இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் வாங்கு. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் போ. எங்கே, எந்த வருடம் இருந்தார் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். அவரோடு இருந்த பழைய தோழர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது.

கொடிமுல்லை:
ரொம்ப நன்றி ஐயா. மருதன் சார், கை வீசுகிறார். போன மாதம் அம்மாவின் தோளில் பலமாக அடி பட்டது. எழுப்பினால் மன்னிப்புக் கேட்கிறார்.

மருதன்:
இதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த வயதில் கனவில் நடப்பதைக் கை காலால் செய்துகாட்டும் தனித் தூக்க நோயும் உண்டு. அதற்குத் தூக்க ஆய்வு வேண்டும், நரம்பியல் டாக்டரும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதுவரை அம்மா தனிக் கட்டிலில் படுக்கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாக வேண்டும் என்று அவர் பேசினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.