அலுமினியம் கேலியம் நைட்ரைடில் நைட்ரஜன் காலியிடம்: ஆற்றல் ஏன் இவ்வளவு சிதறுகிறது?

கேள்வி: இந்தக் குறைக்கடத்திக் கலவையைக் கணினியில் கணக்கிடுகிறேன்; அலுமினியமும் கேலியமும் சரிபாதி. 128 அணு எஸ்.க்யூ.எஸ். (கலவையின் ஒழுங்கற்ற அணு அடுக்கைப் போலச் செய்யும் மாதிரி) சூப்பர்செல் (திரும்பத் திரும்ப வரும் பெரிய அணுப்பெட்டி), பி.பி.இ. ஃபங்ஷனல் (எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடும் ஒரு தோராய முறை). எந்த நைட்ரஜனை நீக்குகிறேன் என்பதைப் பொறுத்து, +1 மின்னேற்றக் காலியிடத்தின் (அணு நீங்கிய வெற்றிடம்) உருவாக்க ஆற்றல் (அதை உண்டாக்கத் தேவையான ஆற்றல்) 1 இ.வி.க்கும் (எலக்ட்ரான்வோல்ட்) மேல் மாறுகிறது. பிழையா? சராசரி போதுமா?

பதில் 1: சிதறலில் ஒரு பகுதி உண்மைதான், பிழையல்ல. நைட்ரஜனுக்கு உலோக அண்டை அணுக்கள் 4. அதில் அலுமினியம் 0 முதல் 4 வரை இருக்கலாம். அதன்படி பிரித்து வரைந்து பாருங்கள். மீதிச் சிதறலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீக்கிய அணுவைத் திரும்ப வைத்து மறுபடி ரிலாக்ஸ் செய்யுங்கள் (ஆற்றல் மிகக் குறையும்வரை அணுக்களை நகரவிடுங்கள்). காலியிடமில்லாத பழைய முழுச் செல்லைவிட ஆற்றல் குறைந்தால், முழுச் செல்லே சரியாக ரிலாக்ஸ் ஆகவில்லை. அந்தக் குறைவு காலியிடத்தின் கணக்கில் ஏறிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். குறைபாட்டுச் செல்லின் (காலியிடம் உள்ள செல்) கனஅளவை மாற்றாதீர்கள்.

பதில் 2: மின்னழுத்தச் சீரமைப்பையும் (இரு செல்களின் மின்னழுத்த அளவுகோலைப் பொருத்துவது) பாருங்கள். கலவையில் அது அணுவுக்கு அணு மாறும். தொலைவிலுள்ள ஒவ்வொரு அணுவையும் முழுச் செல்லில் அதே அணுவோடு ஒப்பிட்டு, பிறகே சராசரி எடுங்கள். பி.பி.இ. பட்டை இடைவெளியை (எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) குறைத்துக் காட்டும். மின்னேற்ற நிலைமாற்றங்களுக்கு ஹெச்.எஸ்.இ. என்ற இன்னும் துல்லியமான ஃபங்ஷனல் வேண்டும்.

பதில் 3: வெறும் சராசரி கூடாது. 1300 கெல்வினில் கே.டி. (வெப்ப ஆற்றலின் அளவு) சுமார் 0.11 இ.வி. 0.5 இ.வி. குறைந்த இடத்தில் காலியிடம் 80 மடங்குக்கும் மேல் அதிகம். இடவாரியாக போல்ட்ஸ்மன் எடையிட்டு (ஆற்றல் குறைந்த இடத்துக்கு அதிக எடை) கூட்டுங்கள்.