கிம்பர்லி பயணம்: டிசம்பரில் போகலாமா, கடலில் நாமே படகு எடுக்கலாமா?

மண்டபம் வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதிக்குச் செல்ல நண்பர்கள் நால்வர் எண்ணியிருக்கிறோம். புரூமில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, டெர்பியிலிருந்து கிப் ரிவர் சாலை வழியாகக் குனுனுரா வரை போவது திட்டம். நாங்கள் அனைவரும் ஆசிரியர்கள் என்பதால் அரையாண்டுத் தேர்வு விடுமுறை வரும் டிசம்பர் வசதியாக இருக்கும். எல்லோரும் பாம்பன், மண்டபம் பக்கம் கடலோடு வளர்ந்தவர்கள்; நாட்டுப்படகு ஓட்டத் தெரியும். ஆகவே அங்கே சிறு படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நாங்களே கரையோரமாகச் சுற்றி வரலாமா? தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் பவளக்கல் சுவரைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். கிம்பர்லியில் பழங்காலக் கடல் பாறைத்திட்டு ஒன்று கடலைவிட்டு விலகி மலையாகவே நிற்கிறது என்று படித்த நாளிலிருந்து, அந்த வின்ஜானா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் விடவில்லை. சென்று வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரையான், பெர்த்:
தம்பி, டிசம்பரை முதலில் விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம். வெயிலும் புழுக்கமும் தாங்க முடியாது, புயலும் வரும். கிப் ரிவர் சாலை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளமுள்ளது. மாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிவரப் போட்ட சாலை, இன்றும் பெரும்பகுதி சரளைமண்தான். மழை தொடங்கி ஆறுகள் ஏறிவிட்டால் அதை மூடிவிடுவார்கள். அந்தச் சாலையை விடுங்கள், 2023 ஜனவரியில் ஃபிட்ஸ்ராய் ஆற்று வெள்ளம் நெடுஞ்சாலைப் பாலத்தையே உடைத்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில்தான் புதிய பாலம் திறக்கப்பட்டது. மே முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டிய காலம்.

அடுத்தது படகு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் கடல் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். நம் பக்கத்தில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். டெர்பியில் அந்த வேறுபாடு பதினொரு மீட்டரையும் தாண்டும். அகன்ற, ஆழம் குறைந்த கடலடித் திட்டின்மேல் ஏறிவரும் ஓதம், உள்ளே போகப்போகக் குறுகும் கிங் சவுண்ட் குடாவுக்குள் நெருக்கப்படுவதால் இப்படி உயர்கிறது. டெர்பி பாலத்துறையில் நான் நின்றபோது தண்ணீர் தளத்துக்குச் சற்றுக் கீழே பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது. மாலையில் திரும்பிப் போனபோது தூண்கள் அடிவரை வெளியே தெரிய, கீழே ஈரச் சேறும் அதில் வாய்க்கால்போல் ஓடும் கொஞ்சம் நீரும் மட்டுமே இருந்தன. கரையோரம் என்று நினைத்து நங்கூரமிட்ட படகு அங்கே சில மணி நேரத்தில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். இறங்கி நடந்தும் வர முடியாது, சேறு விழுங்கும்.

பாம்பன் பாலத்தடியில் நீரோட்டம் பார்த்துப் படகைக் கடத்தும் நம்மவர்களுக்கு ஓட்டத்தின் பலம் தெரியும். டால்பட் குடாவில் மெக்லார்ட்டி மலைத்தொடரின் இரண்டு குறுகிய இடைவெளிகளில் நிகழ்வதோ வேறு வகை: ஓதம் மாறும் வேகத்துக்கு ஈடாக நீரால் உள்ளே புகவோ வெளியேறவோ முடியாமல், இடைவெளியின் இருபுறமும் நீர்மட்டம் மீட்டர் கணக்கில் வேறுபட்டு, கடல் கிடைமட்ட அருவியாகப் பாய்கிறது. அந்த நிலத்துக்கும் கடலுக்கும் உரியவர்களான டம்பிமங்காரி மக்கள், இடைவெளிக்குள் படகு நுழைவதை நிறுத்தக் கோரினர். 2028-இல் அது நின்றுவிடும். வெளியே இருந்து பார்ப்பதே போதும் என்பது என் கருத்து. அலையாத்திக் காடுகளிலும் ஆற்று முகங்களிலும் உப்புநீர் முதலைகள் இருப்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உரிமம் பெற்ற சுற்றுலாப் படகில், உள்ளூர் மாலுமியுடன் மட்டுமே செல்லுங்கள்.

தேவிபட்டினத்தார்:
அண்ணன் சொன்னதோடு வண்டி பற்றியும் ஒன்று. சாதாரணக் காரைச் சரளைச் சாலையில் ஓட்ட வாடகை ஒப்பந்தம் அனுமதிக்காது. நான்கு சக்கரங்களும் இயங்கும் (4WD) உயரமான வண்டியே வேண்டும், மாற்றுச் சக்கரம் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. வழியின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது. எந்த ஆற்றைக் கடந்தாலும் முதலில் ஒருவர் இறங்கி ஆழம் பார்ப்பதுதான் வழக்கம். பெண்டிகோஸ்ட் ஆற்றில் மட்டும் முதலை காரணமாக அதைச் செய்யவே கூடாது. முன்னால் வேறொரு வண்டி கடக்கும்வரை காத்திருந்து, அதன் தடத்தைப் பார்த்துப் போங்கள்.

வின்ஜானா உங்களை ஏமாற்றாது. முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டெவோனியன் காலத்துப் பாறைத்திட்டை லெனார்ட் ஆறு அறுத்துச் சென்ற இடம் அது. நம் தீவுகளைச் சுற்றியுள்ளவை போன்ற பவளம் கட்டியது அன்று. பெரும்பாலும் பாசிகளும் இன்று அழிந்துபோன கடற்பஞ்சு வகைகளும் கட்டியது. சாம்பல்நிறச் சுவரில் கையை வைத்தால் சுண்ணாம்பு கூர்கூராக உறுத்தும், இடையே சிப்பி வடிவங்கள் தென்படும். கீழே குட்டைகளில் நன்னீர் முதலைகள் வெயில் காயும். அவற்றைச் சீண்டாமல் தள்ளி நடங்கள். அருகிலேயே டனல் கிரீக்: மலைக்கு அடியில் ஏறத்தாழ 750 மீட்டர், டார்ச்சுடன் குளிர்ந்த நீரில் நடந்து மறுபக்கம் வரலாம். நடுவில் கூரை இடிந்து விழுந்த இடத்தில் பகல் வெளிச்சம் இறங்கும். குடியேறிகளை எதிர்த்துப் போரிட்ட புனுபா பழங்குடி வீரர் ஜண்டமாரா, 1897-இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான். அதை அறிந்து அந்தக் குகையில் நடப்பவர்கள் இரைச்சல் போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தொண்டி வாசகர்:
கருவாடோ ஊறுகாயோ கொண்டுசென்றால் விமான நிலையத்தில் கொடுக்கும் வருகை அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அபராதம் கடுமை. மிட்செல் அருவிக்கும் போவதானால், அந்நிலத்துக்குரிய மக்களின் ஊங்கூ அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மண்டபம் வாசி:
மிக்க நன்றி. படகு எண்ணத்தைக் கைவிட்டோம். எங்களுக்குக் கோடை விடுமுறையும் உண்டு. மே மாதம் போனால் சரியாக இருக்குமா?

கீழக்கரையான், பெர்த்:
மே பிற்பகுதி நல்லது. மழை விட்ட புதிது என்பதால் பெல், மேனிங் அருவிகளில் நீர் நிறைய இருக்கும். ஆனால் சில கிளைச்சாலைகள் சில ஆண்டுகளில் தாமதமாகவே திறக்கின்றன. எனவே வண்டியை இப்போதே பதிவு செய்துகொண்டு, ஊர்ப் பட்டியலை மட்டும் கடைசிவரை திறந்து வையுங்கள். மாநிலச் சாலைத் துறை நாள்தோறும் இணையத்தில் வெளியிடும் நிலவரத்தைப் புரூமில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.