பழைய குவாட் 405 பவர் ஆம்ப்ளிஃபயரில் ஹம் சத்தம்

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் வீட்டைக் காலி செய்த பெரியவர் ஒருவரிடம் குவாட் 405 பவர் ஆம்ப்ளிஃபயரை வாங்கித் தோட்டத்து வீட்டில் வைத்திருக்கிறேன். 1975-இல் வெளிவந்த வகை என்றாலும், தவிலும் நாகஸ்வரமும் இவ்வளவு நிறைவாக ஒலித்து இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனால் பாட்டு நின்றதும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஹம் சத்தம் ('ம்ம்' என்ற தொடர் இரைச்சல்) கேட்கிறது. பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருக்கும் ப்ரீ ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைச் சற்றே திருப்பினாலும் வீடு அதிர்கிறது. கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் (பீளமேடு):
அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள் அண்ணா. முதலில் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் பழுது நீங்கும்வரை ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, ஏனெனில் 405-இல் பழுதானால் இணைப்பைத் தானே துண்டித்து ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே கிடையாது.

ஹம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, இன்புட் ஒயரை அதன் பின்புறத்திலிருந்து உருவிவிட்டு, ஒயர் இல்லாமலே ஆம்ப்ளிஃபயரை மீண்டும் ஆன் செய்யுங்கள். சத்தம் அடங்கினால் குறை வெளியில் இருக்கிறது. பெரும்பாலும் கேபிள் டி.வி. ஒயர் வழியாக இன்னொரு எர்த் சேர்ந்து வளையமாகி, அதனால் ஹம் வரும். ஒயரை உருவிய பிறகும் அடங்காவிட்டால்தான் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். ஹம் போகிறதே என்று மூன்று முனை பிளக்கின் எர்த்தை மட்டும் யார் சொன்னாலும் துண்டிக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

சத்தம் மிகுவது பழுதல்ல. 405 தன் முழுத்திறனை எட்ட அரை வோல்ட் போதும், இன்றைய சி.டி. பிளேயர்களோ 2 வோல்ட் வரை தருகின்றன. சிக்னல் வழியில் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குப்பின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் எர்த்துக்கு 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டர் என ஒவ்வொரு சேனலுக்கும் வைத்தால், சிக்னல் ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்து குமிழ் கைக்கு அடங்கும்.

பதில் (காங்கயம்):
இவர் சொன்னதோடு ஒன்று. உள்ளே பழுது பார்த்தபின் நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், சீரிஸ் போர்டில் (பல்பைத் தொடராக இணைத்த சோதனைப் பலகை) 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு பக்கமும் 15 மில்லிவோல்ட்டுக்குள்தான் காட்டுகிறது. இன்புட்டை உருவியதும் ஹம் நின்றது. மீண்டும் மாட்டி, டி.வி. பெட்டியின் கேபிளைக் கழற்றியபோதும் நின்றது. போர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது.

பதில் (பீளமேடு):
அப்படியானால் கெப்பாசிட்டரைத் தொட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை மோட்டார் ஸ்டார்ட்டர் உள்ள லைனிலிருந்து பிரித்து, மெயின் போர்டிலிருந்தே தனி ஒயர் இழுத்துக் கொடுங்கள். ப்ரீ ஆம்ப்ளிஃபயரை முதலில் போட்டுப் பவர் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள். 405-இல் ஸ்விட்ச் இல்லாததால் சுவரில் தனி ஸ்விட்ச் வைத்துக்கொள்வது நல்லது.