கடை பில்லும் ஆன்லைன் ஆர்டரும் ஒரே கணக்கில் சேர்ந்தால் விற்பனை இரட்டிப்பாகிறது, எங்கே தப்பு?

கல்லாப்பெட்டி:

வணக்கம். ஒரு வாரமாக மண்டை காய்கிறது, அனுபவப்பட்டவர்கள் யாராவது கை கொடுங்கள்.

நேரடிக் கடை ஒன்று, ஆன்லைன் கடை ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு மென்பொருள். ஆன்லைன் கடை அதோடு ரொம்ப நாளாகவே இணைந்திருக்கிறது, அதில் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. போன மாதம் கடையில் பில் போடும் பிஓஎஸ்ஸையும் அதோடு இணைத்தோம், அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பிஓஎஸ்ஸின் இசட் ரிப்போர்ட்டில், அதாவது நாளை மூடும்போது எடுக்கும் மொத்தக் கணக்கில், கடை விற்பனை வரியோடு சேர்த்து 41,800. அதில் ரொக்கம் 12,800, கார்டு 27,000, கிஃப்ட் கார்டு 2,000. கணக்கு மென்பொருளிலோ அதே நாளுக்கு 83,600 நிற்கிறது, அதுவும் ஆன்லைனில் வந்த நிஜ ஆர்டர்களைக் கழித்த பிறகு. மறுநாள் விற்பனைக் கணக்கில் தனியாக ஒரு 26,460 வேறு. அது எந்த பில் என்று தேடித் தேடிப் பார்த்தாயிற்று, அப்படி ஒரு பில்லே கிடையாது.

பிஓஎஸ் விற்றவர்களைக் கேட்டால் கணக்கு மென்பொருளைப் பாருங்கள் என்கிறார்கள், அங்கே கேட்டால் பிஓஎஸ்ஸைப் பாருங்கள் என்கிறார்கள். தினமும் ராத்திரி உட்கார்ந்து கையால் அழித்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி நானே பதிந்துகொள்ளலாமா?

பேரேடு:

பிடுங்காதீர்கள், பொறுங்கள். தப்பு இப்படி அச்சு அசலாக இரண்டு மடங்காக வந்தால் சந்தோஷப்பட வேண்டும். ஒன்றிரண்டு பில் விட்டுப்போயிருந்தால் எண் கோணல்மாணலாக வரும், தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சரியாக இரு மடங்கு என்றால் மொத்த பில்லும் இரண்டு வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. ஸ்டாக் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக பிஓஎஸ்ஸை ஆன்லைன் கடையோடும் இணைத்திருக்கிறீர்களா?

கல்லாப்பெட்டி:

ஆமாம், அது போன வருடமே செய்தது. கடையில் ஒரு பொருள் விற்றால் ஆன்லைனிலும் எண்ணிக்கை குறைய வேண்டுமே.

பேரேடு:

அங்கேதான் இருக்கிறது. பல இணைப்புகள் ஸ்டாக்கை மட்டும் குறைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, கடை பில்லையே ஒரு ஆர்டராக ஆன்லைன் கடைக்குள் எழுதிவிடும். ஆன்லைன் கடை தனக்குள் வந்த ஆர்டர் எதுவானாலும் கணக்குக்கு அனுப்பும். பிஓஎஸ்ஸும் நேரடியாக அனுப்புகிறது. ஒரு பில்லை மட்டும் எடுத்து, அதே தொகைக்குக் கணக்கில் இருக்கும் இரண்டு பதிவுகளின் குறிப்பு எண்ணைப் பாருங்கள். ஒன்றில் பிஓஎஸ் பில் எண் இருக்கும், இன்னொன்றில் ஆன்லைன் ஆர்டர் எண். இரண்டு குழாயில் ஒன்றை மூட வேண்டும். ஆன்லைன் பக்கத்தில் ‘இந்த மூலத்திலிருந்து வந்த ஆர்டரை அனுப்பாதே’ என்று வடிகட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், ஸ்டாக் இணைப்பைத் தொடாதீர்கள்.

அந்த 26,460 பூதம் எதுவும் இல்லை. கார்டில் 27,000 வாங்கினீர்கள், அதில் கட்டணம் 540 போக வங்கிக்கு வந்த பணம்தான் அது, 2 சதவீதம். வங்கி வரவுகளை மென்பொருள் தானாக இழுக்கும்போது யாரோ ஒரு விதி போட்டிருக்கிறார்கள், கார்டு நிறுவனத்திலிருந்து வரும் பணத்தை விற்பனையில் போடு என்று. ஆக, கார்டு விற்பனை மூன்று தடவை ஏறியிருக்கிறது, கட்டணம் 540 மட்டும் செலவில் எங்குமே ஏறவில்லை.

இதற்கு வழி கிளியரிங் கணக்கு, வாங்கிய பணம் வங்கிக்குப் போய்ச் சேரும் வரை இடையில் நிற்கும் கணக்கு. கார்டுக்கு ஒன்று, ரொக்கத்துக்கு ஒன்று திறங்கள். உங்கள் வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அன்றைய நாள் ஒரே பதிவில் முடிந்துவிடும். பற்றுப் பக்கம் ரொக்கக் கிளியரிங் 12,800, கார்டு கிளியரிங் 27,000, கிஃப்ட் கார்டு பொறுப்பு 2,000. வரவுப் பக்கம் விற்பனை 38,000, கட்ட வேண்டிய வரி 3,800. மறுநாள் வங்கிக்கு 26,460 வரும்போது அதை விற்பனைக்குக் கொண்டுபோகாமல் வங்கிக்குப் பற்று, கட்டணச் செலவு 540 பற்று, கார்டு கிளியரிங்குக்கு 27,000 வரவு. கிளியரிங் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் எங்கேயோ ஓட்டை, அதுவே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும்.

அந்த கிஃப்ட் கார்டைக் கவனித்தீர்களா? கார்டை விற்ற அன்றைக்கு அது விற்பனை இல்லை, வாடிக்கையாளருக்கு நீங்கள் பட்ட கடன். பொருளை எடுத்துப்போகும் அன்றைக்குத்தான் விற்பனை. விற்றபோதும் விற்பனையில் போட்டு, அவர் பயன்படுத்தும்போதும் போட்டிருந்தால் அங்கேயும் இரட்டிப்புதான். பழைய பதிவுகளைப் பாருங்கள், என் பந்தயம் அப்படித்தான் இருக்கும்.

ராத்திரி_நிரலர்:

ஒரு நாளுக்கு ஒரே பதிவு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பில்லைத் தேடினால் கணக்கில் என்ன கிடைக்கும், ஒரு மொத்தத் தொகை மட்டும். நான் எழுதிய இணைப்புகள் எல்லாம் பில் பில்லாகத்தான் அனுப்புகின்றன. ஆனால் அப்படி அனுப்புவதாக இருந்தால், ஒரே பில் இரண்டு முறை வரும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும். வெப்ஹூக், அதாவது பில் போட்டதும் ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் தகவல், ‘ஒரு முறையாவது வந்து சேரும்’ என்ற உறுதிதான் தருகிறது, ஒரே முறைதான் வரும் என்று யாரும் சொல்வதில்லை, வரிசையாக வரும் என்றும் சொல்வதில்லை. பில்லுக்கு முன்னால் அதன் ரீஃபண்ட் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் பிஓஎஸ் பில் எண்ணையும் கணக்கில் உருவான பதிவின் எண்ணையும் ஜோடியாக வைக்கும் ஒரு அட்டவணை உங்கள் பக்கம் இருக்க வேண்டும். அனுப்பும் முன் அதைப் பார்த்து, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிட வேண்டும். குவிக்புக்ஸ் ஆன்லைன் என்ற கணக்கு மென்பொருளின் ஏபிஐயில் (மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் வழி) இதற்கென்றே ரிக்வெஸ்ட்ஐடி என்று ஒரு அடையாள எண் உண்டு, ஜீரோ (Xero) என்ற கணக்கு மென்பொருளில் அதற்குப் பேர் ஐடெம்பொட்டன்சி கீ. நெட் பாதியில் அறுந்து மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணைக் கொடுத்தால் இரண்டாவது பதிவு உருவாகாது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், நேற்று அனுப்பியதை அடுத்த மாதம் தெரியாமல் மறுபடி அனுப்பினால் காப்பாற்றப்போவது உங்கள் அட்டவணைதான்.

ஆன்லைன் கடை எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. வூகாமர்ஸாக இருந்தால் இன்னொன்று: வெப்ஹூக் தொடர்ந்து 5 முறை போய்ச் சேராவிட்டால் அதை அதுவே முடக்கிவிடும். வாங்கும் பக்கத்து சர்வர் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும், அப்புறம் நீங்களே போய் ஆன் செய்யும் வரை சத்தமே இல்லாமல் எதுவும் வராது. தினம் ஒரு முறையாவது இரண்டு பக்கத்து பில் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சின்ன வேலையை ஓட விடுங்கள்.

ரசீதுக்கட்டு:

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாங்கள் பட்டது இது. கடையில் இருந்த டேப்லெட் ஒன்று சார்ஜ் முழுக்க இறங்கி அணைந்துபோனது, மறுபடி ஆன் செய்தபோது அதன் கடிகாரம் 1970 ஜனவரி 1க்குப் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து நெட்டும் இல்லை, ஆஃப்லைனில் 19 பில் போட்டார்கள். நெட் வந்ததும் 19 பில்லும் கணக்குக்குப் பறந்தன, ஆனால் தேதி 1970. முடிந்துபோன நிதியாண்டுகளை நாங்கள் பூட்டி வைத்திருந்ததால் மென்பொருள் அத்தனையையும் திருப்பி அனுப்பியது. இணைப்பு என்ன செய்தது தெரியுமா, பிழையைத் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டது. பிஓஎஸ் திரையில் பச்சை டிக். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரிந்தது.

டேப்லெட் ஒழுங்காக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. பல தளங்கள் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அனுப்புகின்றன, இசட் ரிப்போர்ட்டோ உங்கள் ஊர் நேரப்படி நாளை மூடுகிறது. சில மணி நேர விற்பனை பக்கத்து நாளில் போய் விழும், மாதக் கடைசி நாளென்றால் வரிக் கணக்கே மாறும். பில்லில் அச்சான நேரத்தைப் பார்க்காதீர்கள், எந்த இசட் ரிப்போர்ட்டில் அடங்கியதோ அந்த நாள்தான் அதன் வியாபார நாள்.

பேரேடு:

நிரலரே, கணக்குப் புத்தகம் பில் குடோன் இல்லை. பில் வேண்டுமென்றால் பிஓஎஸ்ஸில் தேடுங்கள், அது இருப்பதே அதற்குத்தான். ரொக்கத்துக்கு வாங்கிப் போகிறவருக்குப் பேர்கூடக் கிடையாது, ஆயிரம் பேரில்லாத பில்லைக் கொண்டுவந்து கணக்கில் கொட்டினால் வங்கியோடு பொருத்திப் பார்க்கும் நாளில் கண் அவிந்துவிடும். கடனுக்கு வாங்குகிறவர், அவர் பேரிலேயே வரி பில் கேட்கிறவர், இவர்களுடையதை மட்டும் தனித்தனியாக அனுப்பினால் போதும்.

பில் பில்லாக அனுப்பினால் காசு வித்தியாசமும் வரும். 1.25க்கு ஒரு பொருள், 10 சதவீத வரி 0.125. பிஓஎஸ் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்கினால் ஒன்றுக்கு 0.13, மூன்றுக்கு 0.39. கணக்கு மென்பொருள் பில்லின் மொத்தத்தில் முழுமையாக்கினால் 3.75க்கு 0.38. ஒரு காசு போனால் போகிறது என்று விட்டால் மாதக் கடைசியில் அதைத் தேடி ஒரு நாள் போகும். பிஓஎஸ் வசூலித்த வரி எவ்வளவோ அதையே அப்படியே அனுப்புங்கள், மென்பொருளை மறுபடி கணக்குப் போட விடாதீர்கள்.

ராத்திரி_நிரலர்:

வரி விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. 🙂

கல்லாப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. பேரேடு சொன்னது அப்படியே. ஒரே பில் இரண்டு எண்ணோடு நின்றது, ஆன்லைன் பக்கத்து வழியை அடைத்துவிட்டேன், 83,600 இப்போது 41,800. வங்கி விதியைப் போட்டவன் நான்தான், மறந்தே போயிருந்தேன். கிஃப்ட் கார்டு பந்தயத்திலும் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

கையோடு இன்னொன்று. ஆன்லைனில் வாங்கியதைச் சிலர் நேராகக் கடைக்கு எடுத்து வந்து திருப்பித் தருகிறார்கள், நாங்கள் கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறோம். இதை எங்கே பதிவது?

பேரேடு:

விற்பனை எங்கே பிறந்ததோ ரீஃபண்டும் அங்கேதான். ஆன்லைன் ஆர்டரில் ரீஃபண்ட் போடுங்கள், பிஓஎஸ்ஸில் அதை மைனஸ் விற்பனையாகப் போடாமல் கல்லாவிலிருந்து வெளியே போன பணமாக மட்டும் எழுதுங்கள். இரண்டையும் சந்திக்க வைக்க அதற்கும் ஒரு கிளியரிங் கணக்கு. இரண்டு பக்கமும் ரீஃபண்ட் போட்டால் விற்பனை இரண்டு முறை குறையும், ஸ்டாக் இரண்டு முறை ஏறும், அலமாரியில் இல்லாத பொருளை ஆன்லைனில் விற்றுவிட்டு முழிப்பீர்கள்.

ஆன்லைனில் ரீஃபண்ட் போடும்போது கையால் கொடுத்ததாகப் பதியும் பொத்தானை அழுத்துங்கள். கார்டு வழியாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினால் அவருக்குக் கார்டிலும் பணம் போய்விடும், கையில் வேறு வாங்கிப் போயிருப்பார்.

கல்லாப்பெட்டி:

பத்து நாள் கழித்து வருகிறேன். ரொக்கக் கிளியரிங், கார்டு கிளியரிங் இரண்டும் தினமும் பூஜ்யத்துக்கு வந்துகொண்டிருந்தன. நேற்றுக் கார்டில் 1,350 அப்படியே நிற்கிறது, கார்டு நிறுவனத்தின் அறிக்கையில் அந்தத் தொகைக்கு ஒரு பரிமாற்றமே இல்லை. இணைப்பு மறுபடி கெட்டுவிட்டதா?

ரசீதுக்கட்டு:

இணைப்பைத் திட்டுவதற்கு முன்னால் அன்றைக்குக் கல்லாவை எண்ணிப் பார்த்தீர்களா? ரொக்கம் கூடுதலாக இருந்ததா?

கல்லாப்பெட்டி:

இருந்தது. சரியாக 1,350. ரொக்கம் வாங்கிக்கொண்டு கார்டு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கூடுதல் பணத்தை ஒரு கவரில் போட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

பேரேடு:

கவரை எடுத்துக் கல்லாவில் போடுங்கள். ரொக்கக் கிளியரிங் பற்று 1,350, கார்டு கிளியரிங் வரவு 1,350.